ஒரு குழந்தை கூடினால் ஓர் ஆசிரியர்: பள்ளிக்கல்வித் துறை, வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். இன்னொருவர் வேண்டும் என்றால், “மேலே எழுதியிருக்கிறோம்” என்கிறார் தலைமையாசிரியர். மேலே என்றால் யார்?
- வாசகி, அறந்தாங்கி

பதில்: முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் மொத்தம் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. 150-ஐத் தாண்டினால்தான் தலைமையாசிரியர் தனிக் கணக்கு. அதுவரை அவரும் அந்த இருவரில் ஒருவர்தான். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். சட்டத்தின் கண்ணில் இது குறையே இல்லை என்பதுதான் வேதனை.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு, நடக்கிறது. அதற்கு அடிப்படை, பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கும் எமிஸ் (EMIS) பதிவு. வகுப்பில் 61 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கலாம், எமிஸில் 60 என்றிருந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு வழியில்லை. எண்ணிக்கை சரிந்த பள்ளியில் இருப்பவரே ‘உபரி’ ஆகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.

பெரும்பாலும் கணக்கு தவறுவது வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் விஷயத்தில். பழைய பள்ளி அந்தப் பெயரை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். விடுவிக்காதவரை பிள்ளை உங்கள் பள்ளியில் படிக்கும், ஆனால் பழைய பள்ளியின் கணக்கில் இருக்கும். ஆகவே ஜூலையிலேயே பள்ளி மேலாண்மைக் குழுவினர் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து, சேர்க்கைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயருக்குப் பழைய பள்ளிக்கு எமிஸ் வழியே கோரிக்கை அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இனி, ‘மேலே’ யார் என்பது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், சென்னையில் தொடக்கக் கல்வி இயக்குநர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை). 2022 மறுசீரமைப்புக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கும் தனி மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. மனுவில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் மாறினால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

மனு எழுதுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அனுமதித்த பணியிடம் ஆளில்லாமல் கிடக்கிறதா, எண்ணிக்கை கூடியதால் புதிதாகப் பணியிடமே வேண்டுமா? முன்னது காலிப் பணியிடம். வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தற்காலிகமாக மாற்றுப்பணியில் அனுப்ப மாவட்ட அளவிலேயே முடியும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022-இல் அரசு வழிவிட்டதும் இத்தகைய இடங்களுக்குத்தான். பின்னது இயக்குநர் வழியாக அரசு வரை போக வேண்டியது. ‘ஆசிரியர் இல்லை’ என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று கேட்டே மனு திரும்பி வரும்.

கோரிக்கையைக் குழுவின் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றி, தீர்மான எண்ணும் தேதியும் இட்டு, நகலை மனுவோடு இணையுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அது உங்கள் குழு.

கேள்வி: தனியார் பள்ளியில் கட்டண பாக்கி என்று மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். மகள் நான்காம் வகுப்பு. அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா?
- வாசகர், மணப்பாறை

பதில்: முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது, அதை உடனே தராத தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது அது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். பிள்ளையை இன்றே சேர்த்துவிட்டு, எமிஸ் விடுவிப்புக்காக மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனு கொடுங்கள். பாக்கி பள்ளிக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்கு. அதற்குப் பிள்ளையின் படிப்பைப் பிணையாகப் பிடிக்க முடியாது.

கேள்வி: மனு கொடுத்து மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லை.
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள். ‘இன்ன தேதியிட்ட மனுவின் கோப்பு எண் என்ன? இப்போது எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது? அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளி. இதே அலுவலர்களிடம்தான் போக வேண்டுமா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் பொது. ஆசிரியர் நியமனமும் கட்டடமும் உங்கள் துறையின் கையில். அவற்றுக்கு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரை அணுகுங்கள்.