° டிகிரி குறிய கம்ப்யூட்டர்ல எப்படி டைப் பண்றது, ஃபைல அனுப்புனா ஏன் கூட ஒரு எழுத்து ஒட்டிக்குது?

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு விஷயம். ஜிபிஎஸ் பாயின்ட எக்ஸெல்ல ஏத்தும்போது ° எப்படி போடுறது, போட்ட பிறகு வேற சிஸ்டத்துல தெறந்தா அதுக்கு முன்னாடி தொப்பி போட்ட ஒரு ஏ (Â) வந்து நிக்குதே, அது எங்கிருந்து வருது. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மீன்பிடி போட்டுக்காரங்க நோட்டுல குறிச்சு வச்ச பார் (கடலடிப் பாறைத் திட்டு, மீன் கெடைக்கற எடம்) பாயின்ட்லாம் இங்கதான் டைப் ஆகுது, அதனால விரிவாவே சொல்றேன்.

டைப் பண்றது சுலபம். நம்பர் பேட் இருக்க கீபோர்டுன்னா ஆல்ட்ட அமுக்கிக்கிட்டே 0176. முன்னாடி இருக்க சைபர விட்றாதீங்க, வெறும் 176 அடிச்சா புள்ளி புள்ளியா ஒரு கட்டம்தான் வரும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்னா விண்டோஸ் கீயும் முற்றுப்புள்ளியும் சேத்து அமுக்கி சிம்பல்ஸ்ல எடுத்துக்கலாம். மேக்ல ஆப்ஷன், ஷிஃப்ட், 8. ஐபோன்ல 0-வ அமுக்கிப் பிடிச்சா போதும்.

இப்ப அந்த தொப்பி ஏ. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நம்பராத்தான் வச்சுக்கும். ஆஸ்கிங்கற பழைய நம்பர் பட்டியல்ல 0-லேர்ந்து 127 வரைக்கும்தான் எடம், டிகிரிக்கு அதுல எடமே கிடையாது. எல்லா மொழி எழுத்தும் இருக்கற யூனிகோட் பட்டியல்ல அதோட நம்பர் 176, ஆனா அத ஃபைல்ல எழுதற யூடிஎஃப்-8ங்கற முறைல சேமிக்கும்போது அது ஒரு பைட்டா போகாது, 194, 176னு ரெண்டு பைட்டா போகும். தெறக்குற சிஸ்டம் இத பழைய விண்டோஸ் முறைன்னு நெனச்சு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா படிச்சா, 194க்கு அந்த ஏ, 176க்கு டிகிரின்னு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துரும். ஃபைல் கெட்டுப் போகல, படிக்கிற முறைதான் தப்பு. எக்ஸெல்ல சேவ் பண்ணும்போது சாதா சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) எடுக்காம சிஎஸ்வி யூடிஎஃப்-8னு இருக்கறத எடுங்க, சரியாயிரும்.

இன்னொண்ணு, இதே மாதிரி இருக்க வேற வட்டங்களும் இருக்கு. ஸ்பானிஷ்காரங்க நம்பருக்கு மேல போடுற குட்டி ஓ கண்ணுக்கு அப்படியே டிகிரி மாதிரிதான் இருக்கும், ஆனா அதோட நம்பர் 186, சில சாஃப்ட்வேர் அத சாதா ஓ-வா மாத்திரும், தேடுனாலும் கெடைக்காது. எங்கேர்ந்தோ காப்பி பண்ணாம நீங்களே அடிங்க.

இதுல நான் இவ்வளவு கறாரா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடா பக்கம், ஒரு பார் 9°10.5' வடக்குன்னு வைங்க. நிமிஷத்த 60ஆல வகுத்தா டெசிமல்ல அது 9.175. குறி காணாமப் போயி யாரோ 9.105னு ஏத்திட்டா 4.2 நிமிஷம் தெக்க போயிரும். அட்சரேகைல ஒரு நிமிஷம்னா ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர், அப்ப கிட்டத்தட்ட 7.8 கிலோமீட்டர் தள்ளி வலைய விடுவாங்க, டீசலும் போச்சு, மீன் பாடும் போச்சு. பாக் நீரிணை பக்கம் இருக்க வடகடல்னா இன்னும் மோசம், இலங்கையோட எல்லைக்கோடு பக்கத்துலயே கெடக்கு.

எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ்ல பாயின்ட் அனுப்புறவங்களுக்கு ஒண்ணு, போன் கம்பெனியோட அடிப்படை எழுத்துப் பட்டியல்ல ° இல்ல, அத ஒண்ணு போட்டாலே 160 எழுத்து எடம் 70 ஆயிரும், அதுக்கு மேல போனா மெசேஜ் ரெண்டா பிரியும். அதுக்குப் பதிலா டிகிரி, நிமிஷம்னு நடுவுல இடம் விட்டு எழுதுங்க. எக்ஸெல்லயும் நான் டிகிரிக்கு ஒரு காலம் (நெட்டு வரிசை), நிமிஷத்துக்கு ஒரு காலம்னு தனித்தனியாதான் ஏத்துறேன், ° பிரிண்ட் எடுக்கற ஷீட்ல மட்டும் சேத்துக்குவேன்.