38 வயதில் செயிலர் மூன் பார்க்கிறேன், என்னிடம் ஏதாவது கோளாறா?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. ஸ்காபரோவில் இருக்கிறேன், கணக்காளராக வேலை செய்கிறேன். எட்டு வயதில் அப்பா அம்மாவுடன் கொழும்பிலிருந்து இங்கே வந்தோம். அப்போது இரண்டு பேருக்கும் வேலை, அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே சாவியால் கதவைத் திறந்து, தம்பிக்குச் சாப்பாடு குடுத்துவிட்டு, வைடிவி என்ற சிறுவர் தொலைக்காட்சியில் செயிலர் மூன் என்ற ஜப்பானியக் கார்ட்டூனைப் பார்ப்பேன். ஆங்கிலம் அரைகுறையாகத்தான் விளங்கும். இப்போது கொஞ்ச நாளாக, மகள் படுத்த பிறகு அதே கார்ட்டூனைப் போனில் முதலிலிருந்து பார்க்கிறேன். சில இடங்களில் அழுகையே வந்துவிடுகிறது. இவர் பார்த்துச் சிரிக்கிறார். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் மச்சாள் எல்லோருக்கும் முன்னால், "இவவுக்கு இன்னும் பொம்மைப் படம்தான் வேணும், தலைக்கு ஒரு பிங்க் ரிப்பனும் வாங்கிக் குடுங்கோ" என்றா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சின்னப் பெண் பிள்ளைகளுக்காகச் செய்த ஒன்று வளர்ந்த பெண்ணுக்கு ஏன் இவ்வளவு பிடிக்க வேண்டும்? என் ஒன்பது வயது மகளுக்கு இதைக் காட்டலாமா?
- பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: ஒரு கோளாறும் இல்லை, தங்கச்சி.

உங்கள் மச்சாள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அவர் கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ரிப்பனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். அந்தப் பிறந்தநாள் வீட்டிலேயே நாற்பது வயது ஆண் ஒருவர், தான் சின்ன வயதில் பார்த்த பேட்மேனைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தால் நான்கு பேர் கதிரையை இழுத்துப்போட்டுக் கூட உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் சின்னப் பையன்களுக்காக உருவானதுதான். பையன்களுடையது வளர்ந்த பிறகும் ரசனை என்று நிற்கிறது, பெண் பிள்ளைகளுடையது மட்டும் வயதோடு கழற்றிப் போட வேண்டிய சட்டை ஆகிவிடுகிறது. இந்த அநியாயத்துக்கு நேர் எதிராக எழுதப்பட்ட கதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செயிலர் மூனைத்தான் சொல்வேன், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அதை உருவாக்கியவர் நாவோகோ தாகேயூச்சி, மருந்தாளர் படிப்பு முடித்து உரிமமும் வாங்கிய பெண். 1991 இறுதியில் 'நகயோஷி' என்ற சிறுமிகள் பத்திரிகையில் இந்தச் சித்திரக்கதையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 24. அப்போது ஜப்பானில் மாயசக்தி உள்ள சிறுமிக் கதைகள் நிறைய இருந்தன, பெரும்பாலும் ஒரே ஒரு பெண், மந்திரத்தால் அக்கம்பக்கத்துச் சின்னச் சிக்கல்களைத் தீர்ப்பாள். இன்னொரு பக்கம் பையன்களுக்காக, ஐந்து பேர் வண்ண வண்ண உடுப்புப் போட்டுக் கூட்டாகச் சண்டை போடும் தொலைக்காட்சித் தொடர்கள். தாகேயூச்சி இரண்டையும் சேர்த்தார். சேர்க்கும்போது பெண் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. ரிப்பன், தோடு, நீண்ட கூந்தல் எல்லாம் அப்படியே. சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் வீராங்கனைகளாக மாறும்போது நகத்துக்குக்கூட வண்ணம் ஏறுகிறது, அப்புறம்தான் உலகத்தைக் காப்பாற்றப் போகிறார்கள்.

ஆனால் எனக்கு ரிப்பனைவிட முக்கியமாகப் படுவது செயிலர் மூனாக மாறும் கதாநாயகி உஸாகி. (நீங்கள் அவளை செரீனா என்று அறிந்திருப்பீர்கள், 1995இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் வைத்த பெயர் அது.) முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். பதினாலு வயது. எழும்பப் பிந்தி, பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள், ஆங்கிலச் சோதனையில் 30 புள்ளி எடுக்கிறாள், அதைப் பார்த்த அம்மா வீட்டுக்கு வெளியே விட்டுக் கதவைப் பூட்டுகிறார். ஒன்றென்றால் ஓவென்று அழுவாள். சாப்பாடு என்றால் முதல் ஆள், பேய் வந்தால் கடைசி ஆள். வழக்கமான கதையாக இருந்தால் இவள் மெல்ல மெல்லத் திருந்த வேண்டும், முடியை வெட்டி, அழுகையை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பையனைப் போல ஆனால்தான் அவளை வீராங்கனை என்று ஒத்துக்கொள்வார்கள். இங்கே அது நடக்கவே இல்லை. 1992 மார்ச்சிலிருந்து 1997 பெப்ரவரி வரை 200 பகுதிகள், உஸாகி கடைசி வரைக்கும் அழுமூஞ்சிதான், கடைசி வரைக்கும் சோம்பேறிதான். தைரியம் வருகிறது, பொறுப்பு வருகிறது, ஆனால் அவள் தன்னை விட்டுக்கொடுத்து அதை வாங்கவில்லை. அவளைவிடப் புத்தியுள்ளவர்களும் பலமானவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஆனாலும் அவள் சொன்னால் எல்லோரும் நிற்கிறார்கள், ஏனென்றால் யாரையும் கைவிட அவளுக்குத் தெரியாது. முதல் பருவத்திலேயே அவளுக்குக் கிடைக்கும் பெரிய சக்தி, அரக்கனாக மாற்றப்பட்ட மனிதரைத் திரும்ப மனிதராக்குவதுதான். இரண்டாவது பருவத்தில் எதிரிகளாக வரும் நான்கு சகோதரிகள் கடைசியில் மனம் மாறி, சாதாரணப் பெண்களாக அழகுசாதனப் பொருள் விற்றுப் பிழைக்கத் தொடங்குவார்கள். எதிரிக்கு இப்படி ஒரு வாழ்க்கை குடுத்த சண்டைக் கதை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். எட்டு வயதில் நீங்கள் அழுமூஞ்சியாக இருக்க யார் விட்டார்கள்? புது நாடு, புது மொழி, கையில் சாவி, பார்க்க ஒரு தம்பி. சொன்ன பேச்சுக் கேட்டு, கணக்கில் நல்ல புள்ளி எடுத்து, இன்றைக்கும் மற்றவர்களின் கணக்கைச் சரியாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்களைப் பார்த்ததில்லை, இருந்தாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் பிள்ளை உஸாகி இல்லை, அவளுடைய கூட்டத்தில் இருக்கும் அமி. அம்மா மருத்துவர், வீட்டில் இருக்கும் நேரம் குறைவு, பிள்ளை டியூஷன் விட்டு டியூஷன் போய் எல்லாவற்றிலும் முதலாவதாக வருவாள், ஆனால் உஸாகி வந்து கூப்பிடும் வரைக்கும் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது. அல்லது மாகோதோவாகக்கூட இருக்கலாம், தாய் தகப்பன் இல்லாமல் தனியே வாழ்ந்து, தானே சமைத்து, எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொண்டுவரும் அந்த உயரமான பெண். சின்ன வயதில் இவர்களை நிறத்தை வைத்துத்தான் தெரிந்தெடுப்போம், நான் நீலம், நீ பச்சை என்று. முப்பத்தெட்டில் பார்க்கும்போது அமி ஏன் இவ்வளவு ஆறுதலாகப் பேசுகிறாள், மாகோதோ ஏன் இவ்வளவு சமைக்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. பொறுப்பாகவே வளர்ந்த ஒருத்திக்கு, பொறுப்பில்லாத ஒரு பிள்ளையை எல்லோரும் அப்படியே வைத்து நேசிக்கும் கதையைப் பார்த்தால் அழுகை வரத்தான் செய்யும். அழுங்கள்.

இன்னொன்று, நீங்கள் பழையதைத் திரும்பப் பார்ப்பதாக நினைக்கிறீர்கள், உண்மையில் பாதியை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறீர்கள். நீங்கள் வைடிவியில் கேட்ட அந்தக் குரல்கள் உங்கள் ரொறன்ரோவில் பதிவானவை. கனடாப் பிள்ளைகள் விடாமல் பார்த்ததால், ஆங்கிலத்தில் வராமல் நின்றுபோயிருந்த 17 பகுதிகள் 1997இல் உங்களுக்கு முதலில் கிடைத்தன, அமெரிக்காவில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆங்கிலப் பதிப்பில் நிறைய வெட்டு. முதல் பருவத்தின் கடைசி இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பனிப்பாலையில் உஸாகியின் சிநேகிதிகள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவளுக்காக உயிரை விடுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒன்றாகச் சுருக்கி, அவர்கள் செத்ததையே மறைத்துவிட்டார்கள். பிறகு 2000இல் வந்த பருவத்தில், ஒருவரை ஒருவர் காதலிக்கும் ஹருகா, மிச்சிரு என்ற இரண்டு பெண்களைச் சொந்தக்காரப் பெண்கள் என்று மாற்றினார்கள். பிள்ளைகளுக்குத் தாங்காது என்று நினைத்தார்கள் போல. வெட்டாத ஆங்கிலக் குரல் பதிப்பு 2014இல்தான் வரத் தொடங்கியது. நீங்கள் பார்ப்பது அதுவாக இருந்தால் (போனில் ஜப்பானியப் பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள், செரீனா என்று வந்தால் பழசு), உங்களை அழவைத்த காட்சிகளில் சில, அந்த வயதில் உங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தவை.

அப்புறம், இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2016இல் ஜப்பானின் சுகாதார அமைச்சு, பால்வினை நோய்களுக்குச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று இளம் பெண்களிடம் சொல்ல செயிலர் மூனைத்தான் சுவரொட்டியில் போட்டது. அதே ஆண்டு ரஷ்யாவின் உலக சாம்பியன் எவ்கேனியா மெத்வெதேவா செயிலர் மூன் போடும் மாலுமிச் சட்டையோடு பனிச்சறுக்கு ஆடினார். பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் கதையில் வரும் மந்திரக்கோலையும் முகப்பூச்சையும் வளர்ந்த பெண்களுக்கென்றே செய்து விற்கிறது. சரி, வியாபாரம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1990களிலும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதுக் கோல் வந்தது கடையில் விற்பதற்காகவும்தான். ஆனால் முப்பது வருடம் கழித்தும் ஒருத்தி தன் சம்பளத்தில் அதை வாங்கி மேசையில் வைக்கிறாள் என்றால், அவள் காசு குடுப்பது பிளாஸ்டிக்குக்கு மட்டும் இல்லை.

மகளுக்குக் காட்டலாம், பக்கத்தில் இருந்து காட்டுங்கள். ஒன்பது வயது சரியான வயது. சில விஷயங்கள் உங்களுக்கே இப்போது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். உஸாகியின் காதலன் மாமோரு பல்கலைக்கழக மாணவன், உஸாகிக்கு பதினாலு, தொடர் இதைப் பெரிய காதல் என்று கொண்டாடுகிறது. நிஜத்தில் இது சரியில்லை என்று மகளிடம் நேராகவே சொல்லுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். எல்லோரும் ஒரே ஒல்லி உடம்பு, அதையும் பேசலாம். நடுவில் வரும் பகுதிகளில் பல ஒரே அச்சு, பேய் வரும், மாற்றம் நடக்கும், வெளிச்சம் அடிக்கும், முடியும். அவளுக்குச் சலித்தால் விட்டுவிடுங்கள். அவளுக்குப் பிடித்தது வேறாக இருந்தால் அதற்காக வருத்தப்பட வேண்டாம், இது உங்களுடையதாகவே இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். விளக்கினால் விவாதம் ஆகும். நான் மேலே சொன்ன முதல் பருவத்தின் கடைசி இரண்டு பகுதிகள், 45, 46 இரண்டையும் ஒரே இரவில் உங்களோடு பார்க்கச் சொல்லுங்கள், முக்கால் மணி நேரம் அளவுதான் ஆகும். உங்களுக்கு ஏன் அழுகை வந்தது என்று கேட்டால் சொல்லுங்கள், சாவியையும் தம்பியையும் பற்றிச் சொல்லுங்கள். அவருக்கு அந்த எட்டு வயதுப் பிள்ளையைத் தெரியாமல் இருக்கலாம். மச்சாள் திரும்பவும் கேலி செய்தால், "ஓம் மச்சாள், எனக்கு நல்லாப் பிடிக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போங்கள். வெட்கப்படாத ஆளைக் கேலி செய்வது கஷ்டம். அவரும் அந்த வயதில் எதையோ ஆசையாகப் பார்த்திருப்பார், ஒரு நாள் அது என்னவென்று கேட்டுப் பாருங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

முக்கியமாக, போனை வைத்துவிட்டு ஹோலில் இருக்கும் பெரிய டிவியில் பாருங்கள். ஒளித்துப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை.

கடைசிப் பருவம், 167 முதல் 200 வரையான பகுதிகள், நீங்கள் சின்ன வயதில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் காலத்தில் அது ஆங்கிலத்தில் வரவே இல்லை, 2019இல்தான் ஆங்கிலக் குரலோடு வெளிவந்தது. அதாவது உங்கள் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் முடிவு தெரியாமலேயே வளர்ந்துவிட்டீர்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன். ஜப்பானில் இது சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குப் போனது, நீங்களும் ஒரு சனிக்கிழமை தொடங்குங்கள், முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.