மைக் வராத வரிசை

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். தத்துவத்தில் பிஎச்.டி., மூன்றாம் வருடம். துறையில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் நன்றியுரை எனக்குத்தான். போன வாரம் கேள்வி நேரத்தில் இரண்டு முறை கை தூக்கினேன், மைக் வரவில்லை. நான் கேட்க நினைத்ததையே பின்வரிசையில் ஒருவர் கேட்டுப் பாராட்டு வாங்கினார். கைடிடம் சொன்னால், "தத்துவத்துல ஆண், பெண்ணெல்லாம் கிடையாதும்மா" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

படித்ததும் மணிமேகலை நினைவுக்கு வந்தாள். வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம், அதாவது பல சமயங்களின் அறிஞர்களிடம், அவரவர் கொள்கையைக் கேட்க அவள் பெண்ணாகப் போகவில்லை. மந்திரத்தால் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். அளவைவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று வரிசையாக எல்லோரும் அவளுக்குப் பொறுமையாக விளக்குகிறார்கள். பிருகதாரண்யக உபநிடதத்தில் கார்க்கி பெண்ணாகவே சபையில் கேட்டாள். இதற்கு மேல் கேட்டால் உன் தலை விழுந்துவிடும் என்றார், பதில் சொல்லிக்கொண்டிருந்த முனிவர் யாக்ஞவல்கியர். அதன் பிறகும் அவள் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டாள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

பிரிட்டனில் 2011-ல் வந்த ஓர் அறிக்கையின்படி, அங்கே தத்துவம் படிக்கும் இளநிலை மாணவர்களில் 46 சதவீதம் பெண்கள். நிரந்தர ஆசிரியர்களில் 24 சதவீதம்தான். பேதம் இல்லை என்பவர்கள், நடுவில் அத்தனை பேர் எங்கே போனார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கூச்சம்தான் காரணம் என்றும் சொல்வார்கள். எங்கள் பெரியம்மா காசிமேட்டு ஏலத்தில் நாலு ஆம்பளைகளை மறித்து விலை பேசுவார். அந்த வீட்டில் வளர்ந்த நான், துறையில் சேர்ந்து இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. முதல்முறை கேட்டபோது என் ராயபுரத்துப் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். கேள்விக்குப் பதில் வரவே இல்லை. அன்று 44-ஆம் நம்பர் பஸ்ஸோ எதுவோ, வந்ததில் ஏறி வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நன்றியுரை எல்லோருக்கும் முறை வைத்து மாறட்டும் என்று துறைத்தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். அமர்வுக்குத் தலைமை தாங்குபவரிடம், முதல் கேள்வி ஆய்வு மாணவர்களுக்கு, அதிலும் இதுவரை பேசாதவருக்கு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்களோடு இன்னொரு மாணவியும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. கேள்வியைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அன்று கேட்க நினைத்த கேள்வி என்ன என்று நீங்கள் எழுதவே இல்லையே? அதை எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா