வேலை, உரக்கடை, கூத்து: எப்படிச் சமாளிப்பது?

முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பகலில் முல்லைத்தீவில் தனியார் நிறுவன வேலை. சொந்த உரக்கடையைப் பகலில் தகப்பனார் பார்க்கிறார். பின்னேரம் ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பது வரை இவர். ஊர் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்கும் ஆசிரியரிடம், கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் கோவலன் கூத்துப் பழக நெடுநாள் ஆசை, நேரமில்லை. வேலையை விடுவதா, கடையை விடுவதா?

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் விட வேண்டாம். உங்கள் இரவுகளைத் தின்பது கடன் கொப்பி. கார்த்திகையில் யூரியாவைக் கடனுக்குக் கொடுக்கிறீர்கள். கமக்காரர் மாசி, பங்குனியில் நெல் விற்றுத்தான் காசு தருவார். சரக்குத் தந்தவருக்கு நீங்கள் எழுதிய செக் அதற்கு முன்னரே வங்கிக்கு வந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பச் சில்லறை விற்பனைக் காசு தேவைப்படுகிறது, அதற்காக ஒன்பது மணிவரை நிற்கிறீர்கள். சம்பளத்திலும் ஒரு பங்கு அதற்குள் போகிறதா என்று பாருங்கள்.

போன போகத்து, அதாவது போன நெற்பருவத்து, கடன் நிற்கிறவர்களின் பெயரைத் தனியே எழுதுங்கள். பழைய கணக்கில் பாதியாவது கட்டாமல் புதுக்கடன் இல்லை என்பதைத் தகப்பனாரே சொல்லட்டும். ஊருக்குள் பெரியவர் சொன்னால் மனத்தாங்கல் குறைவு. வெளியே நிற்கும் கடன், உங்கள் சொந்த முதலின் பாதியைத் தாண்ட விடாதீர்கள். மாதமுடிவில் உங்கள் இருவருக்கும் கூலி எழுதி, மிச்சம் என்ன என்று பாருங்கள். ஆறரைக்குப் பின் நடக்கும் விற்பனையையும் ஒரு கிழமைக்குத் தனியே குறியுங்கள்; நேரத்தோடு பூட்டினால் எவ்வளவு குறையும் என்று தெரியும்.

நேரத்தை நாளாகப் பிரிக்காமல் ஆண்டாகப் பிரியுங்கள். காலபோகம் எனும் பெரிய நெற்பருவம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. புரட்டாதி முதல் மார்கழி வரை உரக்கடைக்கு ஓய்வில்லை. அந்த மாதங்களில் கூத்து நின்றால் மனம் நோக வேண்டாம். அரிவு வெட்டி முடிந்தபின் மானாவாரி வயல்கள் சும்மா கிடக்கும். அடுத்து வரும் சிறிய பருவமான சிறுபோகம் முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புக் குளங்களின் தண்ணீரைப் பொறுத்தது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவானால் உங்கள் கடைக்கு எவ்வளவு வேலை என்பதும் தெரிந்துவிடும். ஆகவே சித்திரை முதல் ஆவணி வரை கிழமையில் மூன்று நாள் ஆறரைக்கே பூட்டலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வரும் வைகாசியும் இதற்குள்தான். கண்ணகி கதையைப் பழக அதைவிடப் பொருத்தமான காலம் ஏது?

முழுப் பாட்டையும் மனத்தில் வைத்திருக்கும் அண்ணாவியாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. சித்திரை வரை காத்திராமல் இந்தக் கிழமையே வெற்றிலை பாக்கோடு போய், எந்த நாட்கள் அவருக்குத் தோது என்று கேளுங்கள். கடை பூட்டும் நாட்களை அதை வைத்தே முடிவெடுங்கள்.