ஓ.எல் எழுதும் மகளுக்கு ஞாபகசக்தி டொனிக் கொடுக்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த முறை ஓ.எல் (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறாள், இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இரவு 12 மணிவரை படித்துவிட்டு விடியப்புறம் மூன்றரைக்கு எழும்புகிறாள், நித்திரை தூங்காமல் இருக்க வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருக்கிறாள். படித்தது எல்லாம் மறக்குது என்று அழுகிறாள், அடிக்கடி தலையிடி. ஞாபகசக்திக்கு டொனிக் ஒன்று இருக்கிறதாம், வாங்கிக் கொடுக்கலாமா? அவளுடைய அப்பா ஏசிக்கொண்டே இருக்கிறார். நான் இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் நின்றவள், பாடத்தில் உதவி செய்ய எனக்கு ஏலாது. பரீட்சை நேரம் மாதவிடாயும் வரும்போல் இருக்கிறது, தள்ளிப்போட மாத்திரை போடலாமா?

பதில்: அம்மா, டொனிக் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். சுகமாக இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஞாபகசக்தியைக் கூட்டிக் கொடுக்கிற டொனிக் என்று மருத்துவத்தில் ஒன்றும் இல்லை, போத்தலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அவளுக்கு ஏன் மறக்கிறது என்பதற்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12 மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழும்பினால் மூன்றரை மணி நேர நித்திரை. அந்த வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. பகலில் படித்ததை மூளை நிலையாகப் பதிந்துவைக்கிற வேலையில் பெரும்பங்கு நித்திரையில்தான் நடக்கிறது, ஆகவே நித்திரையைக் குறைத்துப் படிக்கிற பிள்ளை படித்ததையே இழந்துகொண்டிருக்கிறாள், பிறகு மறக்குது என்று பயந்து இன்னும் நித்திரையைக் குறைக்கிறாள், இது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடியப்புறம் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று நாங்கள் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்தோம். இரவு எட்டரைக்கு, ஒன்பதுக்குப் படுக்கிற பிள்ளைக்கு அது சரிவரும். ஆனால் பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பிந்தித்தான் ஓடும், கெதியாகப் படுக்கச் சொன்னாலும் பலருக்கு நித்திரை வராது, அது சோம்பலும் அல்ல, சொல்வழி கேளாமையும் அல்ல. அதனால் இன்றிலிருந்து 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், ஐந்தரைக்கு எழும்பட்டும், பின்னேரம் ரியூசனுக்குப் போகமுன் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கட்டும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாக நித்திரை கொண்டாலும் எழுப்பாதீர்கள். போன் அவளுடைய பாயடியில் இருக்கக்கூடாது, உங்களுடைய அறையில் சார்ஜில் கிடக்கட்டும். ரியூசன் வட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு வருகிற நோட்சைக் காலையில் பார்த்தாலும் அது அதே நோட்ஸ்தான்.

தேத்தண்ணியைப் பின்னேரம் நான்கு மணியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி, குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் இரத்தத்தில் நிற்கும், படுத்தாலும் ஆழ்ந்த நித்திரை வராது. கடையில் விற்கிற எனர்ஜி டிரிங்க் வகைகள் வேண்டவே வேண்டாம்.

ரியூசனைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு, இரண்டரைக்கு ரியூசன் தொடங்கி, ஆறு மணிக்குப் பிறகு யானை வருகிற ரோட்டால் சைக்கிளில் வீட்டுக்கு வருகிற பிள்ளை எந்த நேரத்தில் தானாகப் படிப்பாள்? கேட்டது முழுக்க மற்றவர்கள் படிப்பித்ததுதான், அதைத் தானே இருந்து எழுதிப் பார்த்தால்தான் தனதாகும். ஒன்பது பாடத்துக்கும் வகுப்பு வேண்டாம். எந்தப் பாடம் உண்மையில் பலவீனம் என்று அவளையே கேளுங்கள், அதற்கு மட்டும் போகட்டும், மற்ற நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி தலையிடி. நித்திரைக் குறைவே போதும் தலையிடி வர, ஆனாலும் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒன்று இரத்தசோகை. வன்னியில் நான் பார்க்கிற பெண்பிள்ளைகளில் கனபேர் காலையில் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகிறவர்கள், மாதவிடாயில் போகிற இரத்தத்தை ஈடுகட்ட உள்ளே ஒன்றும் போவதில்லை. வெளிச்சத்தில் நிறுத்தி அவளுடைய கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறிப்போய் இருந்தால் சந்தேகம்தான். சிவப்பாகத் தெரிந்தாலும் பக்கத்து அரச வைத்தியசாலையில் இந்தக் கிழமையே ஒரு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள், காசு இல்லை, வெறும் வயிற்றோடு போகவும் தேவையில்லை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். இரண்டு மாதம் கையில் இருப்பது இதற்கு நல்ல காலம், ஒழுங்காகப் போட்டால் பரீட்சைக்கு முன்னமே அலுப்பும் கிறுகிறுப்பும் குறையும். மாத்திரையை விழுங்குகிற தண்ணியில் தேசிக்காய் பிழிந்து விடுங்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மாத்திரை தந்தால் அதைக் கொப்பிக்குள் ஒளித்துவைக்காமல் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது கண். கரும்பலகையை இடுக்கிப் பார்க்கிறாளா, புத்தகத்தை மூக்கடியில் பிடிக்கிறாளா என்று கவனியுங்கள். அப்படியென்றால் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். தலையிடி விடியும்போது கூடுதலாக இருந்து சத்தியும் வந்தால், அல்லது பார்வை மங்கினால், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். மற்றபடி பனடோலை நாளாந்தச் சாப்பாடு ஆக்கிவிடாதீர்கள், அடிக்கடி போட்டால் அதுவே தலையிடியைக் கொண்டுவரும்.

சாப்பாட்டுக்கு விசேடமாக ஒன்றும் தேவையில்லை. முட்டை, நெத்தலி, குளத்து மீன், பயறு, கௌப்பி, முருங்கையிலை வறை, கொய்யாப்பழம், எல்லாம் உங்கள் பக்கத்தில் கிடைக்கிறதுதான். ஒன்றே ஒன்று, காலையில் சாப்பிடாமல் படலையைத் தாண்டக்கூடாது. தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும். தகரக் கூரை வீடென்றால் மத்தியான வெக்கையில் யாராலும் படிக்க முடியாது, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரை மேசை போட்டுக் கொடுங்கள்.

பாடத்தில் உதவ ஏலாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்ப்பதுதான் நன்றாகப் பதியும், இது ஆராய்ச்சிகளில் உறுதியான விடயம். அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாற்றுக் கொப்பியை நீங்கள் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், "இதைப் பற்றி எனக்குச் சொல்லு பிள்ளை" என்று தலைப்பை மட்டும் வாசியுங்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு போங்கள், விட்டதை மட்டும் பென்சிலால் அடையாளம் போட்டுக் கொடுங்கள், ஏச வேண்டாம், இரண்டு நாள் விட்டு அடையாளம் போட்டதை மட்டும் திரும்பக் கேளுங்கள். விஞ்ஞானத்துக்கும் இது சரிவரும். எட்டாம் வகுப்புப் படித்த தாய் இதைச் செய்யலாம், பள்ளிக்கூடமே போகாத அம்மம்மாவும் செய்யலாம், அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல முயன்றாலே பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடும். கணிதத்துக்கு மட்டும் கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதட்டும், நீங்கள் மணிக்கூட்டைப் பாருங்கள்.

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அண்ணை, நீங்கள் ஏன் ஏசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் உங்கள் மனைவியும் படிக்க வேண்டிய வயதில் பொட்டலி கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர்கள், எங்களுக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கட்டும் என்ற தவிப்பு அது. ஆனால் இப்போது ஓ.எல் எழுதுகிற பிள்ளைகள் யுத்தம் முடிந்த 2009ஐ ஒட்டி, அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்கள் காதில் விழுவது தவிப்பு அல்ல, ஏச்சு மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பது ஏ எடுத்த கதையை இந்த இரண்டு மாதமும் எடுக்காதீர்கள். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று பாடத்துக்கு சி தரமோ அதற்கு மேலோ இருந்தால் ஏ.எல் (உயர்தரம்) படிக்கலாம். தவறினால் திரும்ப எழுதலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையே மண்டபத்தில் வராது, அதனால்தான் கேட்கிறேன், ஏசுவதை விட்டுவிட்டு ரியூசன் முடியும் நேரம் மோட்டார் சைக்கிளோடு வாசலில் போய் நில்லுங்கள், அது அவளுக்குப் பெரிய பலம்.

இன்னொன்று, முக்கியமானது. அழுவது கூடிக்கொண்டே போனால், சாப்பிடாமல் ஒதுங்கினால், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேளுங்கள், சாகிற எண்ணம் வருகிறதா என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். தனியே விடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை எப்படியும் இன்றைக்கே பூட்டி வையுங்கள், பரீட்சைக்கும் பெறுபேறு வருகிற நாளுக்கும் பிறகும் அவை பூட்டிலேயே இருக்கட்டும்.

பரீட்சைக் கிழமையில் புதிதாக ஒன்றும் வேண்டாம். பழகிய இடியப்பமோ புட்டோ போதும், கடைச் சாப்பாட்டைத் தவிருங்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் முதல் நாளே ஒரு உறையில் இருக்கட்டும். நெஞ்சு படபடத்தால் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லுங்கள், இதை இப்போதிருந்தே படுக்கமுன் பழகினால்தான் மண்டபத்தில் உதவும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், டெங்கு இருக்கக்கூடும் என்பதால் இபுபுரோபன், அஸ்பிரின் வகை வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு பாடம் எழுதிவிட்டு வந்தால் எத்தனை கேள்வி சரி என்று விசாரிக்காமல் சாப்பாட்டைப் போடுங்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அது ஹோர்மோன், சிலருக்கு வயிற்றுப்பிரட்டும் தலையிடியும் தரும், சிலருக்குப் போடவே கூடாது. உண்மையான சிக்கல் வயிற்றுவலிதான் என்றால் அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதே வைத்தியரிடம் கேளுங்கள், பரீட்சைக்கு முந்திய மாதமே போட்டுப் பார்த்து ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ளட்டும். அந்த நாட்களில் மேலதிகமாக ஒரு நாப்கினும் ஒரு உள்ளாடையும் பையில் வைத்து அனுப்புங்கள்.