அமெரிக்காவில் கொம்புள்ள ஆண் மானை விட்டுவிட்டுப் பெண் மானைக் கறிக்காகச் சுடுகிறார்களாமே, பாவமில்லையா?

நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் நவம்பர் வந்தால் ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை சீசனுக்கு லீவு போட்டுவிடுவார். "ஃப்ரீசர் காலி, ஒரு டோ கிடைத்தால் போதும்" என்பார். டோ என்றால் பெண் மான், நம் பழந்தமிழில் பிணை.

"குட்டி இருக்குமே?" என்றேன். குட்டி பிறப்பது மே, ஜூனில். நவம்பருக்குள் பால்குடி மறந்து, தானாக மேய்ந்து பிழைத்துக்கொள்ளுமாம்.

ஆண் மானை மட்டும் சுட்டால் மான் கூட்டம் குறையாது. ஒரே ஆண் பல பிணைகளோடு சேரும். வளர்ந்த பிணை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சோளக் கொல்லையும் காட்டு மரக்கன்றுகளும் மானுக்கே போய்விடும், ராத்திரியில் காரில் வந்து மோதுவது வேறு. அதனால் அங்கே சில பகுதிகளில், முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டால்தான் கொம்பு மானுக்கு அனுமதி என்று விதியே இருந்தது. வேட்டைக்காரர்கள் பலருக்கு அது எரிச்சல், 2011இல் எடுத்துவிட்டார்கள்.

இதில் கூட வேலை பார்த்த அவருக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஒரு வருடம் பிணை என்று நினைத்துச் சுட்டு, கிட்டே போய்த் தலையைத் தடவினால் இரண்டு சின்னப் புடைப்புகள். ஆறு மாத ஆண் குட்டி! சட்டப்படி தப்பில்லை, கொம்பில்லாத மான் கணக்கில்தான் வரும். ஆனாலும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

எனக்கு ஒரு தொடை கொடுத்தார். காட்டு மான் கறியை விற்க முடியாது, சும்மா கொடுக்கலாம். அதுவும் உடனே இல்லை. 2002இல் அந்த மாநில மான்களில் ஒரு மூளை நோய் கண்டுபிடித்ததிலிருந்து, தலையைச் சோதனைக்குக் கொடுத்து ரிசல்ட் வந்த பிறகே சாப்பிடுவார்.

நம் ஊர் ஆட்டுக்கறி நினைப்பில் கொழுப்போடு மிளகுக் குழம்பு வைத்தேன். ஆறியதும் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னேன், சிரித்தார். அவருடைய கராஜிலேயே உட்கார வைத்து, கறி மேலிருக்கும் வெள்ளிச் சவ்வைக் கத்தி நுனியால் தூக்கி உரிக்கவும், கொழுப்பை ஒரு துளி விடாமல் சீவவும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த தடவை நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன்; சட்டி காலி.