கார்டைச் செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வங்கிக் கார்டின் காந்தப் பட்டையில் இருக்கும் அதே விவரங்கள்தானே சிப்பிலும் இருக்கின்றன? சிப் மட்டும் எப்படிப் பாதுகாப்பு?

கார்டு எண், காலாவதித் தேதி இரண்டிலும் இருப்பது உண்மைதான். ஆனால் பட்டை, எழுதி வைத்ததை யார் கேட்டாலும் ஒப்பிக்கும். நகலெடுத்தால் நகலும் அதையே ஒப்பிக்கும். சிப் அப்படியல்ல, அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியை வெளியே தரவே தராது.

கார்டைச் செருகியதும் மெஷின் கொடுக்கும் மின்சாரத்தில் சிப் விழித்துக்கொள்கிறது. தொகை, நாணயம், தேதி, கூடவே முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண் என்று மெஷின் அனுப்புகிறது. சிப் தன்னிடம் உள்ள கவுன்டரில், அதாவது இது எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணிக்கையில், ஒன்றைக் கூட்டி, அதையும் சேர்த்து, சாவியால் கணக்குப் போட்டு 8 பைட் நீளமுள்ள ஒரு குறியீட்டைத் தருகிறது. துறையில் இதை ஏஆர்க்யூசி என்பார்கள். கார்டு கொடுத்த வங்கி அதே சாவியைத் தன் பக்கத்தில் உருவாக்கி, அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும்.

கவுன்டர் 212இல் இருக்கும்போது 450க்கு ஒரு குறியீடு உருவானது என்று வைத்துக்கொள்வோம். வழியில் யாராவது 450ஐ 4500 ஆக்கினால் விடை பொருந்தாது. அதே குறியீட்டைத் திருடி நாளை அனுப்பினால், 212 ஏற்கெனவே வந்துபோன எண் என்பது வங்கிக்குத் தெரியும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: திருடியவன் கையில் ஒரே ஒரு செலவின் செல்லாத சீட்டு மட்டுமே மிஞ்சுகிறது.

சிப்பில் படித்ததைப் பட்டையில் எழுதி ஏமாற்றலாமே என்று தோன்றலாம். இரண்டிலும் உள்ள மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண் வேறுவேறு. வங்கி ஒழுங்காகச் சோதித்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மெஷினில் 'தோல்வி' என்று வந்தது. ஆனால் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. எங்கே போனது?

பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. வங்கி ஒப்புதல் கொடுக்கும்போது அந்தத் தொகையை உங்கள் கணக்கில் ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரருக்குப் பணம் சேர்வது அதற்குப் பிறகு, வங்கிகள் கணக்கு ஒப்பிட்டுத் தீர்க்கும்போது.

உங்களுக்கு நடந்தது இப்படி இருக்கலாம்: வங்கி 'சரி' என்றது, அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேரும் முன் லைன் அறுந்துபோனது. மெஷின் தன் பங்குக்கு 'தோல்வி' என்று அச்சடித்துவிட்டு, ரிவர்சல் என்ற ரத்துச் செய்தியை அனுப்பும். அது வங்கியை எட்டியதும் ஒதுக்கிய தொகை விடுபடும். ரிவர்சலும் தொலைந்தால் கணக்கு ஒப்பிடும் வரை, அல்லது ஒதுக்கீட்டின் கெடு முடியும் வரை காத்திருக்க வேண்டும். தோல்வி ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள தேதி, நேரம், மெஷின் எண், பரிவர்த்தனை எண் ஆகியவை இருந்தால்தான் வங்கியில் உங்கள் புகார் நகரும்.

பின் நம்பரைச் சரிபார்ப்பது சிப்பா, வங்கியா?

இரண்டு வழியும் உண்டு. எதை முதலில் முயல வேண்டும் என்ற பட்டியல் சிப்பிலேயே இருக்கும். ஏடிஎம்மில் பின் யாரும் படிக்க முடியாத ரகசியக் குறியாக மாற்றப்பட்டு வங்கிக்குப் போகும். சில கடை மெஷின்களில் சிப்பே ஒப்பிட்டுச் சொல்லிவிடும்; தவறாக அழுத்த அழுத்த வாய்ப்புகளைக் குறைத்துக்கொண்டே வந்து பூட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு ஓட்டை இருப்பதை 2010இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். திருட்டுக் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கருவி உட்கார்ந்து, எந்தப் பின்னைப் போட்டாலும் 'சரி' என்று மெஷினிடம் சொன்னது. சிப்போ பின்னுக்குப் பதில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டது. மெஷின் சொல்வதையும் சிப் சொல்வதையும் வங்கி ஒப்பிட்டுப் பார்த்தால் இது பிடிபடும். ஆகவே கார்டு தொலைந்தால், 'பின் தெரியாமல் என்ன செய்துவிடுவான்' என்று இருக்காமல் உடனே முடக்குங்கள்.

தட்டிச் செலுத்தும் கார்டிலிருந்து, கூட்டத்தில் உரசிப்போகிறவர் பணம் எடுத்துவிட முடியுமா?

சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் படிக்க முடியும். நகல் கார்டு செய்ய முடியாது, சாவி உள்ளேயே இருக்கிறது. பின்புறம் அச்சிட்ட மூன்று இலக்க எண்ணும் காற்றில் போவதில்லை.

இணையத்தில் வாங்கும்போது சிப் உதவுமா?

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது சிப்புக்கு வேலையே இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் ஓடிபி வந்தது. அதையும் யாரிடமாவது சொல்லிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

கணக்கில் பணம் இருக்கிறது, கார்டு செல்லவில்லை. காரணம்?

ஸ்லிப்பில் ஈரிலக்கக் குறி இருக்கிறதா பாருங்கள். 51 என்றால் இருப்பு போதாது, 54 காலாவதி, 55 தவறான பின், 91 வங்கியின் கணினி பதில் தரவில்லை. 05 என்றால் வங்கி மறுத்துவிட்டது, காரணம் சொல்லவில்லை. கடைக்காரரிடம் வாதாடிப் பயனில்லை. அவருக்கும் தெரிந்தது அந்த இரண்டு இலக்கம்தான். கார்டு கொடுத்த வங்கியைத்தான் கேட்க வேண்டும்.